காலிப் படுக்கையின் விலை

இரும்புலியூரில் வசிக்கும் நான் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால், அடுத்து வரும் நிலையம் 'தாம்பரம் சானடோரியம்'. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் அங்கு ஏறி இறங்குகின்றனர். ஏற்றுமதி வளாகத்தில் வேலை செய்யும் இளம்பெண்களும் கல்லூரி மாணவர்களுமே அவர்களில் அதிகம். 'சானடோரியம்' என்றால் என்ன பொருள் என்று உடன் பயணித்த மாணவர் ஒருவரிடம் ஒருமுறை கேட்டேன். 'அது ஒரு ஊரின் பெயர்தானே ஐயா' என்றார்.

அவர் கூறியதில் தவறில்லை. இப்போது அது ஊரின் பெயர்தான். ஆனால், ஒரு நோயின் வரலாறும் அந்நோயைக் கண்டு ஒரு மாநகரம் கொண்ட அச்சத்தின் வரலாறும் அந்தப் பெயருக்குள் இருக்கின்றன. நாம் இன்னும் முழுமையாகக் கற்றுக்கொள்ளாத ஒரு பொருளாதாரப் பாடமும் அதில் இருக்கிறது.

சானடோரியம் என்பது காசநோயாளிகள் தங்கி உடல் தேறுவதற்கான இல்லம். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலத்தில் தூய காற்று, சூரிய ஒளி, ஓய்வு, சத்தான உணவு ஆகிய நான்குமே சிகிச்சையாகக் கருதப்பட்டன. 19-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் ஐரோப்பாவில் இம்முறை தொடங்கியது. 1882-இல் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த பிறகும், அதைக் கொல்லும் மருந்து கிடைக்க அறுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அதுவரை நோயாளிக்குக் காற்றும் வெயிலும்தான் துணை.

அந்த முறையைத் தாம்பரத்துக்குக் கொண்டுவந்தவர் டாக்டர் டேவிட் சௌரிமுத்து. இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுப் பகுதியில் சானடோரியம் நடத்திய தமிழர் அவர். 1917-இல் கணிதமேதை ராமானுஜன் நோயுற்றபோது சில காலம் அவரிடம் சிகிச்சை பெற்றார். ராமானுஜன் 1919-இல் தாயகம் திரும்பி, மறு ஆண்டு ஏப்ரலில் சென்னை சேத்துப்பட்டில் தமது 32-ஆவது வயதில் காலமானார். அவரைப் பீடித்தது காசநோய் என்றே அன்று கருதப்பட்டது. அது கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்று பிற்காலத்தில் மருத்துவர்கள் சிலர் கருதினர். எதுவாயினும், அந்தக் காலத்தில் நீடித்த காய்ச்சலும் மெலிவும் கண்டால் எல்லோரும் முதலில் அஞ்சியது காசநோய்க்குத்தான்.

சௌரிமுத்து 1928-இல் தாம்பரம் பச்சைமலை அடிவாரத்தில், ஏறத்தாழ 250 ஏக்கர் நிலத்தில், 12 படுக்கைகளுடன் தமது சானடோரியத்தைத் தொடங்கினார். நிலத்தின் பரப்பையும் படுக்கைகளின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இன்றைய நிர்வாகக் கண்ணோட்டத்தில் இதைவிடப் பெரிய வீண்விரயம் இருக்க முடியாது. ஆனால், அந்த வெற்றுவெளிதான் அன்றைய மருந்து. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937-இல் சானடோரியம் சென்னை மாகாண அரசின் கைக்கு வந்தது. அதே ஆண்டில்தான் சென்னைக் கிறித்தவக் கல்லூரியும் நெரிசல் மிகுந்த ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக் காட்டுக்கு இடம்பெயர்ந்தது. நகரம் தனக்குள் இடம் போதாதபோது தேடி வரும் வெளியாகத் தாம்பரம் அன்று இருந்தது.

சென்னையின் மருத்துவமனைகள் பலவற்றுக்கும் இத்தகைய பிறப்பு வரலாறு உண்டு. அரசு பொது மருத்துவமனை 1664-இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் கிழக்கிந்தியக் கம்பெனியின் நோயுற்ற படைவீரர்களுக்காகத் தொடங்கப்பட்டது. இப்போது அது இருக்கும் இடத்துக்கு 1772-இல்தான் வந்தது. ஹைதர் அலியுடனான போர்க்காலத்தில் பஞ்சம் தலைவிரித்தாடியபோது, 1782-இல் மணியக்காரர் சத்திரத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி வார்க்கப்பட்டது. அங்கே வேரூன்றிய மருத்துவப் பணியே பின்னாளில் ஸ்டான்லி மருத்துவமனையாக வளர்ந்தது. வடசென்னை முதியவர்கள் அதைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று அழைத்ததன் காரணம் இதுவே. பெரியம்மைத் தடுப்பூசி மருந்து தயாரிப்பதற்காக 1899-இல் கிண்டியில் கிங் நோய்த்தடுப்பு நிலையம் நிறுவப்பட்டது.

போர், பஞ்சம், கொள்ளைநோய் என ஏதேனும் ஒரு நெருக்கடியே இந்நிறுவனங்கள் ஒவ்வொன்றையும் உருவாக்கியது. நெருக்கடி தீர்ந்த பின்னும் அவை நின்றன. அடுத்த நெருக்கடிக்குப் பயன்பட்டன. தாம்பரத்தின் கதையும் அதுதான். ஆனால், அதற்கு இடையில் ஒரு பெரிய திருப்பம் நேர்ந்தது.

1940-களில் ஸ்ட்ரெப்டோமைசினும் 1952-இல் ஐசோனியசிடும் வந்தன. காசநோய் குணப்படுத்தக்கூடிய நோயாயிற்று. ஆயினும், இந்தியாவுக்கு முன்னால் ஒரு கடினமான கணக்கு இருந்தது. நோயாளிகள் பல லட்சம். சானடோரியப் படுக்கைகளோ சில ஆயிரம். எல்லோரையும் ஓராண்டுக் காலம் படுக்கையில் வைத்துச் சிகிச்சை அளிப்பதற்குப் புதிதாக விடுதலை பெற்ற ஓர் ஏழை நாட்டின் கருவூலம் எப்படித் தாங்கும்?

இக்கேள்விக்கு விடை காண 1956-இல் சென்னையில் காசநோய் வேதிசிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இணைந்து இதை அமைத்தன. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் இந்த ஆய்வுக்குத் தலைமையேற்றார். சென்னையின் நெரிசல் மிகுந்த பகுதிகளில் வாழ்ந்த, ஏறத்தாழ 200 ஏழைக் காசநோயாளிகள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். எந்தச் சார்பும் இல்லாமல் அவர்கள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்துக்கு அனுப்பப்பட்டனர். மற்றவர்கள் தத்தம் வீட்டிலேயே தங்கி மருந்து உட்கொண்டனர். இரு பிரிவினருக்கும் மருந்துகள் ஒன்றே.

1959-இல் வெளியான முடிவுகள் உலக மருத்துவத்தின் போக்கையே மாற்றின. சானடோரியத்தில் இருந்தவர்கள் நல்ல உணவும் ஓய்வும் பெற்றனர்; உடல் எடையும் அவர்களுக்கே கூடுதலாக ஏறியது. வீட்டில் இருந்தவர்கள் குறைந்த உணவுடன் நெரிசலில் வாழ்ந்தனர்; பலர் வேலைக்கும் சென்றனர். ஆனால், நோய் குணமான விகிதத்தில் இரு பிரிவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வீட்டில் சிகிச்சை பெற்றவர்களால் குடும்பத்தினருக்குக் கூடுதலாக நோய் பரவியதாகவும் தெரியவில்லை. மருந்தை ஒழுங்காக உட்கொண்டால் போதும். குணமாக்குவது மருந்தே தவிர, படுக்கை அல்ல என்பது உறுதியாயிற்று.

இதன் பொருளாதாரப் பயனை அளவிடுவது எளிதன்று. ஓராண்டுப் படுக்கைச் செலவு அரசுக்கு மிஞ்சியது. அதைவிட முக்கியம், குடும்பத் தலைவர் குடும்பத்தைப் பிரியாமல், கைக்குழந்தையுடைய தாய் குழந்தையைப் பிரியாமல் குணமடைய வழி பிறந்தது. நோயாளி வேலையிழந்து குடும்பம் கடனில் மூழ்குவது குறைந்தது. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டன. பல நாடுகளில் அவை தங்கும் விடுதிகளாயின. ராமானுஜன் மறைந்த அதே சேத்துப்பட்டில்தான் அந்தச் சென்னை மையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாகச் செயல்படுகிறது.

கல்லூரியில் பொதுநிதியியல் கற்பித்த காலத்தில் இந்த ஆய்வை எடுத்துக்காட்டாகக் கூறுவது என் வழக்கம். 'பொதுப்பணத்தைச் செலவிடும் முன் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் இல்லை' என்பேன். அதோடு நின்றிருந்தால் சரியாக இருந்திருக்கும். 'ஆகவே, காலியாகக் கிடக்கும் படுக்கையும் நிலமும் பொதுப்பணத்தின் விரயம். அவற்றை வேறு பயனுள்ள வழிக்குத் திருப்பிவிடுவதே சிக்கனம்' என்றும் சேர்த்துக் கூறிவந்தேன். முதல் கூற்று சரி, இரண்டாவது தவறு. அது தவறு என்பதை எனக்கு உணர்த்தியது, நாள்தோறும் என் ரயில் கடந்து சென்ற அதே சானடோரியம்தான்.

1986-இல் இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமன், அவருடைய மாணவி டாக்டர் நிர்மலா ஆகியோரின் பணியால் அது வெளிப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் நோய் முற்றிய நிலையில் நோயாளிகள் வரத் தொடங்கினர். அவர்களைத் தொடுவதற்கே பலர் அஞ்சிய காலம் அது. உறவினர்கள் கைவிட்டனர், வீட்டு உரிமையாளர்கள் வெளியேற்றினர், சில மருத்துவமனைகளும் ஏதேனும் காரணம் கூறித் திருப்பி அனுப்பின.

எச்.ஐ.வி. தொற்றால் எதிர்ப்பாற்றல் குன்றியவரை முதலில் தாக்கிக் கொல்வது பெரும்பாலும் காசநோய். எனவே, அவர்களில் பலர் நெஞ்சக நோய் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தனர். 1993-இல் தாம்பரம் மருத்துவமனை எய்ட்ஸ் நோயாளிகளை உள்நோயாளிகளாகச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது. அதற்கான இடம் அங்கிருந்தது. தொற்றுநோயாளியின் அருகில் நின்று பணிபுரிந்து பழகிய செவிலியர்களும் உதவியாளர்களும் இருந்தனர். காசநோய்க்கெனச் சேர்த்து வைத்த அனுபவமே புதிய நோய்க்கு மூலதனமாயிற்று. அடுத்த பத்தாண்டுகளில் அது நாட்டின் மிகப்பெரிய எய்ட்ஸ் சிகிச்சை மையங்களில் ஒன்றாக வளர்ந்தது. ஆந்திரத்திலிருந்தும் நோயாளிகள் வந்தனர்.

அந்த ஆண்டுகளில் ரயில் சானடோரியத்தில் நிற்கும்போது, ஏறுபவர்களில் மெலிந்தவர் எவரேனும் இருந்தால் சிலர் இருக்கையை விட்டு நகர்வதைக் கண்டிருக்கிறேன். நானும் ஒருமுறை நகர்ந்திருக்கிறேன். காற்றில் பரவாத ஒரு நோய்க்கு அஞ்சி, பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்ற ஒருவன் இருக்கையை மாற்றிக்கொண்டான் என்பதை இன்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து 1996 முதல் மேலை நாடுகளில் உயிர்களைக் காத்தது. ஆனால், ஒருவருக்கு ஆண்டொன்றுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் செலவாகும் என்பதால் நமக்கு அது எட்டாக் கனியாக இருந்தது. 2001-இல் இந்திய மருந்து நிறுவனமான சிப்லா, அதே கூட்டு மருந்தைத் தொண்டு நிறுவனங்களுக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. 2004 ஏப்ரல் 1 அன்று மத்திய அரசு இலவச மருந்துத் திட்டத்தை எட்டு அரசு மருத்துவமனைகளில் தொடங்கியபோது, அவற்றுள் தாம்பரமும் ஒன்று. சாகும்வரை படுத்திருப்பதற்காக வந்தவர்கள், மாதமொரு முறை வந்து மருந்து வாங்கிச் செல்பவர்களாக மாறினர். காசநோயில் 1950-களில் நடந்தது எய்ட்ஸில் அரை நூற்றாண்டு கழித்து நடந்தது. மீண்டும் படுக்கையின் தேவை குறைந்தது. வளாகத்தில் வெறுமை கூடியது.

2020-இல் கரோனா வந்தது. அவ்வளாகம் மூன்றாவது முறையாக அழைக்கப்பட்டது. கரோனா நோயாளிகளுக்கான சிகிச்சை மையங்களில் ஒன்றாயிற்று. கிண்டி கிங் நிலைய வளாகத்திலும் இதுவே நிகழ்ந்தது. முதியோர் நலனுக்கெனக் கட்டப்பட்ட கட்டடம் அங்கே சில வாரங்களில் கரோனா மருத்துவமனையாக மாற்றப்பட்டது. அதே வளாகத்தில் 2023-இல் ஆயிரம் படுக்கைகள் கொண்ட கலைஞர் நூற்றாண்டு உயர்சிறப்பு மருத்துவமனை எழுந்தது. நம் நாட்டில் பெரியம்மை 1975-இல் அற்றுப்போனது. பெரியம்மைக்கென ஒதுக்கிய நிலத்தை அப்போதே கூறுபோட்டு விற்றிருந்தால், 2020-இல் நகரின் நடுவே அப்படியோர் இடம் கிடைத்திருக்குமா? 2021 மே மாதத்தில் சென்னையின் பெரிய மருத்துவமனைகளின் வாயிலில் நோயாளிகளுடன் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் காத்து நின்றதை நாம் மறக்கவில்லை. காலிப் படுக்கை ஒன்றின் உண்மையான விலை என்னவென்று அன்று நமக்குத் தெரிந்தது.

எங்கள் பகுதி மக்களுக்கு இதை விளக்கப் பொருளாதார நூல் தேவையில்லை, ஏரி போதும். கோடையில் வறண்டு கிடக்கும் ஏரியைப் பார்ப்பவர்களுக்கு அது வெற்று நிலமாகத்தான் தோன்றும். அப்படித் தோன்றியதால்தான் தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஏரிகளின் கரைகளும் வரத்துக் கால்வாய்களும் மனைகளாயின. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கி, முதல் மாடியிலிருந்து மக்களைப் படகில் மீட்டபோதுதான், ஏரியின் வெறுமை மழைக்காக வைக்கப்பட்ட இடம் என்பது விளங்கிற்று. மருத்துவமனையின் வெற்றிடமும் அத்தகையதே. ஏரி ஆண்டு முழுவதும் நிரம்பி வழிய வேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. தீயணைப்பு வண்டி பெரும்பாலான நேரம் சும்மா நிற்கிறது என்பதற்காக அதை விற்றுவிடுவதும் இல்லை. படுக்கையை மட்டும் ஏன் நாள்தோறும் நிரம்பியிருக்கிறதா என்று அளக்கிறோம்?

இதனால், கட்டடங்களை எழுப்பிக்கொண்டே போக வேண்டும் என்று நான் கூறவில்லை. 1959-இன் பாடம் இன்றும் செல்லுபடியாகும்: சாதாரண நாள்களில் சிகிச்சை நோயாளியின் வீட்டைத் தேடிச் செல்ல வேண்டும். அந்தப் பாடத்தைத் தமிழ்நாடு மேலும் செம்மைப்படுத்தியிருக்கிறது. 2022-இல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' இதற்குச் சான்று. காசநோய் உறுதியானவுடன் உயரத்துக்கேற்ற எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, துணையின்றி நிற்கும் ஆற்றல் ஆகியவை பார்க்கப்படுகின்றன. பெரிய கருவிகள் எவையும் தேவையில்லை. ஆபத்தான நிலையில் இருப்பவர் உடனே மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். மற்றவர் மாத்திரையுடன் வீடு திரும்புகிறார். 'எல்லோருக்கும் படுக்கை', 'எவருக்கும் படுக்கை வேண்டாம்' என்னும் இரு எல்லைகளுக்கும் நடுவே, யாருக்குப் படுக்கை வேண்டும் என்று கண்டறியும் வழி இது. ஆனால், அவருக்குத் தேவைப்படும் நாளில் படுக்கை காலியாக இருந்தால்தான் இத்திட்டம் பயன் தரும்.

சௌரிமுத்துவின் காலம் முழுவதும் பொய்த்துவிடவும் இல்லை. ஜார்க்கண்ட் மாநிலத்தில் காசநோயாளிகளின் குடும்பத்தினருக்குக் கூடுதல் உணவுப் பொருள்கள் வழங்கிய ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளியாயின. சத்துணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. நோய் வந்தவரைக் குணமாக்க மருந்து வேண்டும். அடுத்தவருக்கு வராமல் தடுக்க உணவு வேண்டும். மத்திய அரசு காசநோயாளிக்கு ஊட்டச்சத்துக்கென 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கியது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய். உலகக் காசநோயாளிகளில் நால்வரில் ஒருவர் இந்தியர் என்ற நிலையில், இத்தொகை போதுமா என்று கேட்க வேண்டியுள்ளது. ஆறு மாதச் சிகிச்சையின் முதல் சில வாரங்களில் உடல் தளர்ந்திருக்கும் கட்டடத் தொழிலாளி, மாதம் 1,000 ரூபாயைக் கொண்டு வீட்டில் எப்படி ஓய்வெடுப்பார்? வீட்டுச் சிகிச்சையால் அரசுக்கு மிஞ்சிய படுக்கைச் செலவில் ஒரு பகுதியேனும் அவருடைய கூலி இழப்பை ஈடுகட்டச் செல்வதுதான் நியாயம்.

இப்போது தாம்பரம் மாநகராட்சியாகிவிட்டது. ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்த பெருநகர்ப் பகுதி இது. நகரத்துக்கு வெளியே என்று 1928-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட நிலம் இன்று நகரத்தின் நடுவில் இருக்கிறது. அதன் சதுர அடி விலை ஆண்டுதோறும் ஏறுகிறது. விலை ஏற ஏற, 'இவ்வளவு இடம் எதற்கு' என்ற கேள்வியும் உரத்து ஒலிக்கும். அலுவலகம் கட்டலாம், சாலையை அகலப்படுத்தலாம், வணிக வளாகம் அமைக்கலாம் என்ற யோசனைகள் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருக்கும். எல்லாம் சேர்ந்தால் வெற்றிடம் மிஞ்சாது.

எனவே, அரசு செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, பெரிய அரசு மருத்துவமனை ஒவ்வொன்றிலும் குறிப்பிட்ட அளவு திறந்தவெளியைப் பெருந்தொற்றுக் கால ஒதுக்கீடாக வரையறுத்து, நீர்நிலைகளுக்கு இணையான சட்டப் பாதுகாப்பு வழங்க வேண்டும். இரண்டாவது, மருத்துவமனையின் செயல்திறனை மதிப்பிடும்போது, நிரம்பிய படுக்கைகளை மட்டுமின்றி, ஒரு வாரத்தில் எத்தனை படுக்கைகளைக் கூடுதலாக இயக்க முடியும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். மூன்றாவது, தொற்றுநோய்ப் பணியில் பழகிய செவிலியர்களையும் உதவியாளர்களையும் நெருக்கடி முடிந்தவுடன் கலைத்துவிடாமல் நிரந்தரமாகப் பேண வேண்டும். கட்டடத்தைச் சில மாதங்களில் எழுப்பிவிடலாம்; நோயாளியைக் கண்டு விலகாத மனிதர்களை உருவாக்கப் பல ஆண்டுகள் ஆகும்.

அடுத்த கொள்ளைநோயின் பெயர் எவருக்கும் தெரியாது. அது எப்போது வரும் என்பதும் தெரியாது. 1928-இல் சௌரிமுத்துவுக்கு எச்.ஐ.வி. பற்றியோ கரோனா பற்றியோ தெரியாது. ஆனால், அவர் தேர்ந்தெடுத்த நிலம் அவ்விரு நோய்களின்போதும் நமக்குப் பயன்பட்டது.

ரயிலில் சந்தித்த அந்த மாணவரை மீண்டும் பார்த்தால், சானடோரியம் என்பதன் பொருளைக் கூற வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். நிலையத்தை ஒட்டியுள்ள மரங்கள் அடர்ந்த அந்த வெற்று நிலத்தைக் காட்டி, 'இது காலியாக இருப்பது உங்களுக்காக' என்றும் கூற வேண்டும்.